ஆபரேஷன் வேணாம்மா

ஏழு வாரம் கழித்துக் கொளஞ்சி திரும்பி வந்தாள். வந்தவள் பெஞ்சில் வரிசைக்கு உட்காரவில்லை. நேராக டாக்டர் ஜான்சியின் மேசைக்கு முன்னால் வந்து நின்று, மடித்து மடித்து நைந்துபோன சீட்டை விரித்து வைத்தாள்.

"போவல," என்றாள்.

எது போகவில்லை என்று ஜான்சி கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் படுக்கச் சொல்லி வயிற்றில் கை வைத்தாள். இடுப்பெலும்புக்கு மேலே கர்ப்பப்பை திரண்டு நின்று உள்ளங்கையில் தட்டியது. கை அங்கேயே நின்றுவிட்டது.

"நீ அனுப்பிட்டியா, எங்க ஊரு மெடிக்கல்ல கேட்டேன். மூணு மாத்திர குடுத்தான். ரெண்டு நாளு ரத்தம் பட்டுச்சு. சரி, போயிடுச்சுன்னு இருந்துட்டேன். இப்பப் பாத்தா பாவாடைய கட்ட முடியல." கொளஞ்சி கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எத்தினி மாசம் ஆவுது?"

"ஸ்கேன் பண்ணிப் பாத்துடலாம்."

"அன்னிக்கே பண்ணியிருந்தா பத்து நிமிசம்னு நர்சம்மா சொன்னாங்க."

பேச்சுக்குப் பதிலாக மௌனத்தை நீட்டிப் பிடித்துக்கொள்வது ஜான்சியின் பழக்கம். எதிரில் இருப்பவர்கள் பெரும்பாலும் அலுத்துப்போய் எழுந்து போய்விடுவார்கள். கொளஞ்சி எழவில்லை.

கடலூரில் சொர்ணம்மாள் நினைவு மருத்துவமனை என்று ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. குடும்ப மருத்துவம் படிக்கும் ஜான்சி சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். இந்த நான்கு மாதமும் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சி. கருக்கலைப்பு செய்யத் தகுதி வேண்டுமென்றால் இருபத்தைந்து கேஸில் கூட நிற்க வேண்டும். அதில் ஐந்தைத் தன் கையால் செய்து முடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பயிற்சிப் புத்தகத்தில் தலைமை டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். ஜான்சி நான்கு முடித்திருந்தாள். நாளையோடு பயிற்சி முடிகிறது. ஐந்தாவது கட்டம் வெறுமையாக இருந்தது.

இந்தச் சான்றிதழை அவள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த காரணம் ஒன்று உண்டு. படிக்க வருவதற்கு முன் கீரப்பாளையம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வருடம் வேலை பார்த்தாள். கருவைக் கலைக்க வேண்டுமென்று வந்த பெண்களுக்கெல்லாம் 'மேல் சிகிச்சைக்கு' என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். சீட்டு எழுதுவதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தெரியாது. போனவர்களில் எத்தனை பேர் சிதம்பரம் போய்ச் சேர்ந்தார்கள் என்றும் தெரியாது. ஒருத்தி மட்டும் ஒரு மாதம் கழித்துக் காய்ச்சலோடு வந்தாள். மடிப்புக் கலையாத அதே சீட்டு அவள் இடுப்பில் இருந்தது. மறுபடி கீரப்பாளையம் போகும்போது சீட்டு எழுதக் கூடாது என்பதுதான் ஜான்சியின் எண்ணம்.

ஸ்கேனில் பதினைந்து வாரம் என்று வந்தது.

தலைமை டாக்டர் காயத்ரி வந்தபோது மணி பதினொன்று. ஐம்பது வயது. நல்ல கை. கருவை உறிஞ்சும் குழாயைப் பிடித்திருக்கும்போது கர்ப்பப்பை காலியாகிவிட்டதை மணலில் கீறுகிற மாதிரி ஒரு கரகரப்பு சொல்லும். "காதுக்குக் கேக்காது, கைக்குத்தான் கேக்கும்" என்று ஜான்சியின் விரல் மேல் தன் விரலை வைத்து அழுத்திக் காட்டியவள் அவள்தான். மறு நிமிடமே அந்த விரலில் சுள்ளென்று அடித்தவளும் அவள்தான்.

காயத்ரி கொளஞ்சியின் பழைய கேஸ் ஷீட்டை எடுத்துவரச் சொன்னாள். புரட்டினாள். பிறகு பெஞ்சில் இருந்த பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"நாட் வில்லிங் ஃபார் ஆபரேஷன். கீழ கையெழுத்து, ஜான்சி." தாளை மேசையில் போட்டாள். "ஏம்மா, உன் பேரென்ன, கொளஞ்சியா? நீ கலைக்க வேணாம்னு சொன்னியா?"

"நான் ஏன் சொல்றேன்? அதுக்குத்தான அவ்ளோ தூரத்துலருந்து பஸ்ஸு புடிச்சி வந்தேன்."

"இந்த டாக்டரம்மா அப்பிடித்தான் எழுதி வெச்சிருக்காங்க."

கொளஞ்சி ஜான்சியைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.

"ரூமுக்கு வா," என்றாள் காயத்ரி.

அறைக்குள் போய் ஜான்சி நின்றாள். உட்காரச் சொல்லப்படவில்லை.

"உன் சாமி இத ஒத்துக்காதுன்னா முதல் நாளே சொல்லியிருக்கணும். நாலு கேஸ் பண்ணிட்டு அஞ்சாவதுல பாவ மன்னிப்பு கேக்கறியா?"

"அது இல்ல மேடம்."

"பின்ன எது? வாயத் தொறந்து சொல்லு. கெணத்துல போட்ட கல்லு மாதிரி நிக்காத."

கல் அசையவில்லை. காயத்ரி நாற்காலியில் சாய்ந்தாள். குரல் இறங்கியது. இறங்கிய குரல்தான் அதிகம் பயமுறுத்தியது.

"இங்க பாரு. அடுத்த மாசம் மாவட்டத்துலருந்து இன்ஸ்பெக்‌ஷன். இந்தக் கேஸ் ஷீட்ட அவுங்க பாப்பாங்க. நீ ஒரு வரி எழுதிக் குடு. 'நோயாளி சொன்னதை நான் தவறாகப் புரிந்துகொண்டேன்.' அவ்ளோதான். ட்ரெய்னிங்ல இருக்கறவ, தப்பு நடக்கும். உன் அஞ்சாவது கையெழுத்த நான் போட்டுடறேன். முடியாதுன்னா, மத நம்பிக்கையால கேஸ மறுத்துட்டான்னு நானே எழுதி உன் காலேஜுக்கு அனுப்பறேன். காலையில எனக்குப் பேப்பர் வேணும்."

"கொளஞ்சிக்கு?"

"பன்னெண்டு வாரம் தாண்டிடுச்சு. ரெண்டு டாக்டர் கையெழுத்து வேணும். நான் போட்டாத்தான் தேவசகாயம் சார் போடுவாரு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஒத்துக்கட்டும், போடறேன்."

"அவ வேணாம்னுதான் சொல்றா மேடம்."

"அப்ப புள்ளயப் பெத்துக்கட்டும்." காயத்ரி கண்ணாடியைக் கழற்றினாள். "நான் என்ன ராட்சசியா? ஒருத்தி எங்கிட்ட நாலு தடவ வந்தா. ஒவ்வொரு தடவையும் கழுவி அனுப்பினேன். அஞ்சாவது தடவ எம் மூஞ்சியில முழிக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு வேற எங்கயோ போனா. பொணமாத்தான் வந்தா. அன்னிக்கு வெச்ச ரூல் இது. உனக்கு என்ன தெரியும்?"

*

தப்பு நடந்த நாள் ஜான்சிக்கு நன்றாக நினைவிருந்தது. மறக்க முயன்றால்தானே மறக்கும்.

2009 பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சிதம்பரத்தில் மார்கழித் தேர். நான்கு வீதியும் ஜனம். பஸ் ஊரை விட்டு வெளியே வரவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் ஓடிவந்து வெள்ளைக் கோட்டு மாட்டும்போதே காயத்ரி வாசலில் நின்றாள்.

"தேரு பாக்கப் போனியா? உங்களுக்குத்தான் வேற சாமியாச்சே." பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "போ, போய் வர்றவங்களப் பாரு. ஆபரேஷனுக்கு ஒத்துக்காதவ ஒருத்தியக்கூட உள்ள அனுப்பாத. ஜாஸ்தி பேசிக்கிட்டு நிக்காத."

முதலில் வந்தவள் கொளஞ்சி. திட்டக்குடிக்குப் பக்கம். மடியில் ஒரு வயது பெண் குழந்தை. குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"எத்தினி கொழந்தைங்க?"

"ரெண்டு. ரெண்டும் பொட்டப்புள்ள. இது சின்னது. நெஞ்சுல ஓட்டைன்னுட்டாங்க. மெட்ராசுக்குக் கூட்டிம்போவணும். இதயும் தூக்கிக்கிட்டு வயித்துலயும் ஒண்ண வெச்சிக்கிட்டு நான் எங்க அலையறது?"

எட்டு வாரம். ஜான்சிக்கே எளிதாகச் செய்துவிட முடிகிற கேஸ். அவளுடைய ஐந்தாவது.

"ஆபரேஷனுக்கு சம்மதமா?" என்று கேட்டாள்.

"ஆபரேஷன் வேணாம்மா. கழுவி மட்டும் வுடுங்க. நாளைக்கே இதுக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா..." கொளஞ்சி குழந்தையின் தலையைத் தடவி, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

ஜான்சி பேனாவை எடுத்தாள். 'நாட் வில்லிங் ஃபார் ஆபரேஷன்' என்று எழுதினாள்.

அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அதன் சாமர்த்தியம். ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு, கலைக்க வந்தவள் கடைசி நேரத்தில் மனம் மாறிப் போய்விட்டாள் என்று தோன்றும். காயத்ரி படித்தால் தன் ரூலை ஜான்சி காப்பாற்றினாள் என்று தோன்றும். கொளஞ்சியோ படிக்கப் போவதில்லை. ஒரே சொல், மூன்று பக்கமும் காவல் நின்றது.

"இன்னொரு நா வாங்க," என்று சொல்லி அனுப்பினாள். எந்த நாள் என்று சொல்லவில்லை. கொளஞ்சி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனதும் ஜான்சியின் தோள் இளகியது.

அந்த இளக்கத்தைத்தான் ஏழு வாரமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மேடம் இனிமேல் கத்தமாட்டாள் என்ற நிம்மதியா? அல்லது ஒன்றைச் செய்யாமல் தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியா? முன்னால் செய்த நான்கிலும் கை நடுங்கியதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியின் அடிப்பக்கம் வரை அவளால் போக முடியவில்லை.

*

மாலை பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும் வரை நின்றுகொண்டே வந்தாள். சிதம்பரத்தில் இறங்கி வீடு சேர்ந்தபோது அம்மா ஆரோக்கியம்மாள் கோயிலிலிருந்து வந்திருந்தாள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்த முதல் வெள்ளி. சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து, அடுப்பில் கஞ்சி.

ஜான்சி கரண்டியை எடுத்து அம்மாவின் தட்டில் ஊற்றப் போனாள்.

"வை அத. நானே ஊத்திக்கறேன்."

"ஏம்மா?"

"அந்தக் கையால எனக்கு ஊத்தாத. தவக்காலம் முடியட்டும்." ஆரோக்கியம்மாள் கரண்டியைப் பிடுங்கினாள். "கோயில்ல என்னா பேசிக்கறாங்க தெரியுமா? உங்க பொண்ணு கடலூர்ல புள்ள கலைக்கற படிப்பு படிக்குதாமேன்னு கேக்கறாங்க. நான் எங்க கொண்டுபோய் மூஞ்சிய வெக்கறது?"

"ஊர் வாய மூட முடியுமா?"

"ஊர் வாய மூட வேணாம். உன் கைய மூடு. போதும்."

இரண்டு பேரும் கஞ்சியைக் குடித்தார்கள். துவையல் பாத்திரம் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது.

"அம்மா. ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு வந்து 'ஆபரேஷன் வேணாம்'னு சொன்னா, என்னா அர்த்தம்?"

"என்னா அர்த்தம்னா? குடும்பக் கட்டுப்பாடு வேணாம்னு அர்த்தம்."

"வேற ஆபரேஷன் எதுனா இருக்கலாமில்ல?"

"கண்ணுக்குன்னா கண்ணு ஆபரேஷன்னு சொல்லுவா. புள்ள பெக்கன்னா பெரிய ஆபரேஷன்னு சொல்லுவா. மொட்டையா ஆபரேஷன்னா அது ஒண்ணுதான். தெருவுல போற சின்னப்புள்ளயக் கேளு, சொல்லும்." ஆரோக்கியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு டாக்டருக்கு இது தெரியாதா?"

"தெரியும்," என்றாள் ஜான்சி.

*

சனிக்கிழமை காலையில் அவள் காயத்ரியின் அறைக்குப் போகவில்லை. கொளஞ்சி இரவு தங்கியிருந்த வார்டுக்குப் போனாள். அங்கே நர்ஸ் தில்லையம்மாள் கேஸ் ஷீட்டுகளுக்குப் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தாள். பக்க எண் போட்டுவிட்டால் அதிலிருந்து ஒரு தாளையும் யாரும் கிழிக்க முடியாது. இருபது வருடமாகத் தில்லையம்மாள் விடாமல் செய்கிற காரியம் அது.

"கொளஞ்சி ஷீட்டுக்கு நம்பர் போட்டாச்சா சிஸ்டர்?"

"போட்டாச்சு. ஏன் டாக்டர்?"

ஜான்சி நின்றபடியே, தன் பழைய ஆங்கில வரிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் தமிழில் எழுதினாள். 'ஆபரேஷன் வேணாம்மா, கழுவி மட்டும் வுடுங்க என்று நோயாளி சொன்னார். குடும்பக் கட்டுப்பாடு வேண்டாம், கருக்கலைப்பு மட்டும் வேண்டும் என்பது இதன் பொருள். சட்டத்தில் இடமில்லை என்றாலும், குடும்பக் கட்டுப்பாட்டுக்குச் சம்மதிக்காதவர்களைச் சேர்ப்பதில்லை என்பது இந்தப் பிரிவின் வழக்கம். அதனால் திருப்பி அனுப்பினேன். அவர் சொன்னதன் பொருள் எனக்கு அன்றே தெரியும்.'

கடைசி வாக்கியத்துக்கு முன்னால் பேனா நின்றது. அதை விட்டுவிட்டாலும் மற்றதெல்லாம் உண்மையாகவே இருக்கும். போன தடவை எழுதியதும் அப்படித்தான் உண்மையாக இருந்தது. எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டாள்.

தில்லையம்மாள் எட்டிப் பார்த்துப் படித்தாள். "என்னா டாக்டர் இது, உங்க தலையில நீங்களே கல்லத் தூக்கிப் போட்டுக்கறீங்க?"

ஜான்சி ஷீட்டை எடுத்துக்கொண்டு கொளஞ்சியின் கட்டிலுக்குப் போய், எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினாள். கொளஞ்சி இரண்டாவது வாக்கியத்தில் எழுந்து உட்கார்ந்தாள். கடைசி வாக்கியத்தில் அவள் முகம் கல்லாயிற்று.

"தெரிஞ்சேதான் அனுப்பனியா?"

"ஆமா."

"நேத்து ராப்பூரா, பாவம், சின்னப் பொண்ணு, இங்கிலீசுல தப்பா எழுதிட்டாப்புலன்னு நெனச்சிக்கிட்டுப் படுத்திருந்தேன்." கொளஞ்சி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "எம் புள்ளய நாத்தனாகிட்ட உட்டுட்டு வந்திருக்கேன். அது மூச்சு முட்டுதோ என்னாவோ. போ அந்தாண்ட."

காயத்ரி வந்ததும் தில்லையம்மாள் ஷீட்டை நீட்டினாள். காயத்ரி ஒரு தடவை படித்தாள். பக்க எண்ணைப் பார்த்தாள். தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை நெருடிப் பார்த்தாள். பிறகு தில்லையம்மாளைப் பார்த்தாள். தில்லையம்மாள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதை நல்லா எழுதறே," என்றாள் காயத்ரி ஜான்சியிடம். "என்னை மாட்டிவிடணும்னு நீயும் சேர்ந்து மாட்டிக்கிட்டே. உன்ன மாதிரி ஆள நான் பாத்ததில்ல."

கருக்கலைப்புக்கான படிவத்தை எடுத்தாள். நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கான படிவத்தை அதிலிருந்து உருவித் தனியே வைத்தாள். "தேவசகாயம் சாருக்கு அனுப்புங்க. மருந்து இப்பவே ஆரம்பிக்கணும். அந்தச் சின்னதுக்கு ஓட்டைன்னு சொன்னாளே, யாருகிட்ட காட்டறான்னு கேட்டு வைங்க."

பிறகு மேசையில் இருந்த பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தாள். ஐந்தாவது கட்டத்தில் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"நாலு. போதாதுன்னு உனக்கே தெரியும். காலேஜுக்கு லெட்டர் திங்கக்கெழம போகும். மத நம்பிக்கைன்னு எழுத மாட்டேன். அது பொய். உன்னை நம்பி ஒரு கேஸ் குடுக்க முடியாதுன்னு எழுதுவேன். அது உண்மைதானே?"

"சரி மேடம்," என்றாள் ஜான்சி.

எட்டு வாரத்தில் பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டியது, பதினைந்து வாரத்தில் மருந்து வைத்து, வலி வரவழைத்து, காலையிலிருந்து மாலை வரை நடந்தது. ஜான்சியை உள்ளே விட வேண்டாம் என்று கொளஞ்சி சொல்லிவிட்டாள். "அந்தம்மா என்னத் தொடக் கூடாது" என்று சொன்னது வராந்தா வரை கேட்டது. ஜான்சி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போகலாம் என்று யாரும் சொல்லவில்லை, இரு என்றும் யாரும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து முனகல் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. பார்வையாளர்கள் வந்தார்கள், போனார்கள்.

ஐந்து மணிக்குத் தில்லையம்மாள் கதவைத் திறந்தாள். கையில் சீட்டுப் புத்தகம்.

"முடிஞ்சிது டாக்டர். சுத்தமா வந்துடுச்சு. மேடம் பாத்துட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "கொளஞ்சி ஒரு சீட்டு கேக்கறா. கலைச்சது மட்டும்தான், ஆபரேஷன் பண்ணலன்னு. ஊட்டுக்காரு கேப்பாராம். காலையில ஷீட்டுல உண்மைய எழுதனது நீங்கதான, நீங்களே எழுதிடுங்களேன்."

ஜான்சி உள்ளே போனாள். கொளஞ்சி கண்ணை மூடியிருந்தாள். உதடு வெடித்திருந்தது. ஜான்சி கட்டிலருகே நின்று, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள். அந்தச் சத்தத்துக்குக் கொளஞ்சி கண் விழித்தாள்.

"நீ எழுதாத," என்றாள். குரல் வறண்டு கிடந்தது. "நர்சம்மா எழுதட்டும். தமிழ்ல எழுதட்டும்."

ஜான்சி பேனாவைத் தில்லையம்மாளிடம் நீட்டினாள்.